மதுரைக்குக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஊர் சுற்றுவதில் செய்யும் தவறுகள்

மதுரையில் நடக்கும் கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். காலையில் முகூர்த்தம், பதினொன்றரைக்குள் சாப்பாடு, அப்புறம் மீனாட்சியம்மன் கோயில், சாயங்காலம் ரயில். பார்க்க ஒழுங்கான திட்டம்தான். ஆனால் மண்டபத்திலிருந்து கிளம்பி, ஆட்டோ பிடித்து, கோபுர வாசலுக்கு வந்து சேரும்போது நடை சாத்தியிருப்பார்கள். பன்னிரண்டரை மணியை ஒட்டிச் சாத்தினால் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். பட்டுப்புடவையும் நகையுமாகக் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சித்திரை வீதி வெயிலில் நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் பார்க்கலாம். பார்க்கவே பாவமாக இருக்கும்.

கோயிலை முகூர்த்தத்துக்குப் பிறகு வைக்காதீர்கள். முந்தின நாளே வந்துவிடுகிறவர்கள் அன்று இரவே போய்விடுவது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறை பூஜைக்காக சுந்தரேசுவரரின் திருவடிகளைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுவருவார்கள். மேளம், தீபம், குறைந்த கூட்டம் எல்லாம் சேர்ந்து கோயில் வேறு மாதிரி இருக்கும். பகலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று பார்ப்பதைவிட இந்தக் கொஞ்ச நேரம் மனசில் தங்கும். வரவேற்பு விருந்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டால் போதும்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் கோயிலுக்குள் தவறவிடவே கூடாத ஒன்று கம்பத்தடி மண்டபத்தில் இருக்கிறது. சுவாமி சன்னதிக்கு முன்னால் கொடிமரத்தைச் சுற்றியுள்ள தூண்களில் மீனாட்சி கல்யாணச் சிற்பத்தைத் தேடுங்கள். நடுவில் தலை கொஞ்சம் குனிந்த மணப்பெண், ஒரு பக்கம் சிவன், மறுபக்கம் அண்ணன் முறையில் கையைப் பிடித்துத் தாரை வார்க்கும் பெருமாள். பெண்ணின் முகத்தில் இருக்கும் வெட்கத்தைக் கருங்கல்லில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று நின்று பாருங்கள். வேகமாகக் கும்பிட்டுவிட்டு இந்தத் தூணைக் கடந்து போகிறவர்களே அதிகம்.

அடுத்த தவறு செல்போன். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு நீதிமன்ற உத்தரவுப்படி வந்த தடை இது. வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கிழக்கு வாசலில் செருப்பையும் போனையும் கொடுத்தவர்கள் உள்ளே வழி தவறி மேற்கு வாசலில் வெளியே வந்துவிட்டால், வெறுங்காலோடு வெளி வழியாகச் சுற்றி நடக்க வேண்டியதுதான். வயதானவர்களுக்கு இது பெரிய சிரமம். எந்தக் கோபுர வாசலில் சேர்வது என்று உள்ளே போகும் முன்பே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிரிந்துவிட்டால் போன் பண்ணிக் கூப்பிட முடியாது.

சரி, மதியம் என்ன செய்வது? திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம். 1636-இல் கட்டியது. இன்று நிற்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். சொர்க்க விலாசம் என்னும் பெரிய தர்பார் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் இங்கே நடக்கும் தவறு. பக்கத்தில் விளக்குத்தூண் பக்கமாக நடந்தால் ஜவுளிக்கடைச் சந்து ஒன்றில் பத்துத் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். ஒரு ஆள் கைகளால் சுற்றி வளைக்க முடியாத பருமன். அரண்மனை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பது அங்கே நின்றால்தான் புரியும். ஜிகர்தண்டாவும் அந்தப் பக்கமே கிடைக்கும்.

மேலமாசி வீதியில் இன்னொரு இடம், பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதே இல்லை. 1921 செப்டம்பரில் காந்தி தங்கி, மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறிய வீடு அது. இப்போது கதர்க்கடை. தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகம், கீழடி அருங்காட்சியகம் இரண்டும் மதியத்துக்கு ஏற்றவைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திருப்பரங்குன்றம் பக்கம்தானே, எட்டு கிலோமீட்டர், ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம் என்பார்கள். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் நீங்கள் வந்திருக்கும் அதே முகூர்த்த நாளில் அங்கேயும் கல்யாணங்கள் வரிசையாக நடக்கும். மறுநாள் போங்கள். மலையைக் குடைந்த கருவறையை நிதானமாகப் பார்க்கலாம். அழகர்கோவிலுக்கு அரை நாளாவது ஒதுக்காமல் போக வேண்டாம். மேலே பழமுதிர்சோலை, நூபுர கங்கை, கீழே பிரசாதமாகத் தரும் தடித்த தோசை, எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். கொடைக்கானலை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பும் யோசனையை விட்டுவிடுங்கள். போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக வேண்டியே இருந்தால் பஸ் ஆரப்பாளையத்திலிருந்து, மாட்டுத்தாவணியிலிருந்து இல்லை.

மல்லிகைப்பூ வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. முகூர்த்த நாளில் விலை பல மடங்கு ஏறிவிடும் என்பது முதல் விஷயம். மலர்ந்த பூவைக் கட்டி வாங்கி பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவது இரண்டாவது தவறு. வீடு போய்ச் சேரும்போது பழுப்பேறியிருக்கும். மொட்டாக, உதிரியாக வாங்கி வாழை இலையில் சுற்றச் சொல்லுங்கள். காம்பு தடிப்பாக, மொட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மதுரை மல்லி வழியில்தான் மலரத் தொடங்கும்.

இதையெல்லாம் கல்யாண வீட்டாரிடம் கேட்டு ஏற்பாடு செய்யாதீர்கள். பெண் வீட்டுக்காரருக்கு அன்று சமையல்காரர் கணக்கு, சீர்வரிசை, பெரியவர்களை வழியனுப்புவது என்று தலைக்கு மேல் வேலை இருக்கும். “மாமா, ஒரு கார் சொல்லுங்களேன்” என்று கேட்டால் இல்லை என்று சொல்லவும் முடியாது, செய்யவும் முடியாது. தங்கியிருக்கும் விடுதியிலேயே வண்டி பேசிக்கொள்ளுங்கள். ஆட்டோ என்றால் ஏறும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள். கோயில் வாசல்வரை வண்டி போகாது என்பதையும் மனதில் வைத்து, நடக்க முடியாதவர்களுக்குத் தனியாக யோசியுங்கள்.

கடைசியாக ரயில். சென்னைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் கிளம்புவதும் பள்ளியறை பூஜையும் ஏறக்குறைய ஒரே நேரம். ஒரே இரவில் இரண்டையும் பிடிக்க முடியாது. பூஜை பார்க்க ஆசை இருக்கிறவர்கள் டிக்கெட்டை மறுநாளைக்குப் போடுங்கள்.