ஊர்க் கண்மாயைச் சரி பண்ணணுமா? ஜேசிபிக்கு போன் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சித்திரை வைகாசி வந்தா போதும், ஊர் வாட்ஸப் குரூப்ல யாராவது ஒருத்தர் காஞ்சு கிடக்குற கண்மாய் போட்டோவைப் போட்டு "நாமளே தூர்வாரலாம்ப்பா"ன்னு ஆரம்பிப்பாங்க, சிங்கப்பூர்ல இருக்குற பசங்க காசு அனுப்புறோம்னு சொல்வாங்க, ரெண்டு மூணு நாள்ல ஜேசிபி மணிக்கு எவ்வளவுன்னு விசாரிக்கிற அளவுக்குப் போயிரும். கண்மாய் நடுவுல பெரிய குழி விழும். ஐப்பசி மழையில அந்தக் குழியில மட்டும் தண்ணி நிக்கும், மிச்சம் எல்லாம் மாடு மேயும். ஏன்னா தண்ணி வர்ற வழியை யாரும் போய்ப் பாக்கலை.

கண்மாய் வேலையில பாதிக்கு மேல கண்மாய்க்கு வெளியதான் இருக்கு, அதான் இந்தப் பதிவு. ஏரி, குளம், தாங்கல், ஏந்தல்னு உங்க ஊர்ல எப்படிக் கூப்பிட்டாலும் வேலை ஒண்ணுதான். நான் தெக்கத்தி ஆளு, அதனால கண்மாய்னே எழுதுறேன்.

1. இது யாரோட கண்மாய்?

தமிழ்நாட்டுல சுமார் 39,000 ஏரி குளம் கண்மாய் இருக்கு. பொதுவா 40 ஹெக்டேருக்கு மேல, அதாவது கிட்டத்தட்ட 100 ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு உள்ளது நீர்வளத்துறை கையில (முன்னாடி பொதுப்பணித்துறைன்னு சொன்னது), அதுக்குக் கீழ உள்ளது ஊராட்சி ஒன்றியம். ஆயக்கட்டுன்னா அந்தத் தண்ணியில பாயுற வயல், கண்மாயோட பரப்பு இல்ல, இதைப் பல பேர் மாத்திப் புரிஞ்சுக்கிறாங்க. குடிக்கிற ஊருணின்னா பெரும்பாலும் ஊராட்சியிலயே பேசி முடிச்சிரலாம். எந்த ஆபீஸ்னு தெரியாம மனு எழுதினா அது மேஜை மேஜையா சுத்திட்டு "எங்க கட்டுப்பாட்டில் இல்லை"ன்னு திரும்பி வரும். விஏஓகிட்ட கேட்டா சொல்லிருவார்.

2. பேப்பர் எடுங்க

மூணு பேப்பர் போதும்: கிராம வரைபடம், கண்மாய் சர்வே நம்பரோட அ-பதிவேடு (எந்த நம்பர் என்ன வகை நிலம்னு சொல்ற பதிவேடு), எஃப்எம்பின்னு சொல்ற புலப்படம் (அந்த நம்பரோட அளவுப் படம்). பின்னாடி ரெண்டையும் அரசு இ-சர்வீசஸ் தளத்துல பாக்கலாம். அ-பதிவேட்டுல கண்மாய் மட்டுமில்ல, "ஓடை புறம்போக்கு", "வாய்க்கால் புறம்போக்கு"ன்னு இருக்குற நம்பரையும் தேடிக் குறிச்சு வைங்க. அதுங்கதான் முக்கியம். ஊர்ல நின்னு பாத்தா வாய்க்கால் இருந்த அடையாளமே தெரியாது, வேலி போட்டு தென்னை வச்சிருப்பாங்க, ஆனா புலப்படத்துல ரெண்டு கோடா அழகா ஓடும். ஆன்லைன்ல கிடைக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்க, 30 நாள்ல பதில் தரணும்.

3. வரத்துக்கால் வழியா நடங்க

கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வாய்க்கால்தான் வரத்துக்கால். இதுக்குத்தான் நிறைய நேரம் கொடுக்கணும். எழுபது வயசுக்கு மேல உள்ள ஒரு பெரியப்பாவையோ அப்பத்தாவையோ கூட்டிட்டுப் போங்க, பழைய நீர்க்கட்டி (வயலுக்குத் தண்ணி பங்கிட்டு விடுறவர்) குடும்பம் இருந்தா ரொம்ப நல்லது, எந்த மடை (தண்ணி திறந்து விடுற மதகு) எந்த வயலுக்குன்னு அவங்களுக்கு மனப்பாடம். கண்மாய் வாயில ஆரம்பிச்சு மேல் நோக்கி, தண்ணி எங்க இருந்து வருதோ அதுவரைக்கும் நடங்க. போன்ல லொகேஷன் ஆன் பண்ணி போட்டோ எடுத்துக்கிட்டே போங்க.

எங்கெங்க அடைச்சிருக்குன்னு பாக்கணும். சீமைக் கருவேலம், குப்பை, கட்டட இடிசல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வில்லன் ஒண்ணு இருக்கு, ரோட்டுப் பாலம். புது ரோடு போடும்போது வாய்க்காலுக்குக் குழாய் பதிச்சிருப்பாங்க, ஆனா குழாயோட அடி வாய்க்கால் தரையை விட ஒரு முழம் மேல உக்காந்திருக்கும். அந்த ஒரு முழம் தண்ணி நிரம்பி மேல ஏறினாத்தான் குழாய்க்குள்ள போகும், அதுக்குள்ள அது பக்கத்து வயல் வழியா வேற எங்கயோ போயிருக்கும். குழாய் வாய்கிட்ட உக்காந்து டேப் வச்சு அளந்து போட்டோ எடுங்க, பாலம் கட்டின துறைக்கு மனு போடும்போது அந்த போட்டோ பேசும்.

முடிஞ்சா இன்னொரு தடவை மழை பெய்யும்போதே குடை பிடிச்சுக்கிட்டுப் போங்க. வெயில்ல பத்து தடவை நடந்தாலும் புரியாதது மழையில ஒரே நடையில புரியும்.

இன்னொண்ணு, தெக்க நம்ம கண்மாய்ங்க தனித்தனி இல்ல, சங்கிலி. மேல் கண்மாய் நிரம்பி கலுங்கு (மிச்சத் தண்ணி வழியிற இடம்) வழியாப் போற தண்ணிதான் கீழ் கண்மாய்க்கு வரத்து. அதனால மேல் ஊர்க்காரங்களோட பேச்சுவார்த்தை இல்லாம உங்க ஊர்ல மட்டும் ஒண்ணும் கிழிக்க முடியாது. அதே மாதிரி "நமக்குத் தண்ணி நிறைய நிக்கட்டும்"னு உங்க கலுங்குல மணல் மூட்டை அடுக்குற வேலையும் வேணாம். மேல பட்டா நிலம் மூழ்கும், கரைக்குத் தாங்குற அளவை மீறினா உடைப்பு எடுக்கும், கீழ் ஊர்க்காரனும் சும்மா இருக்க மாட்டான்.

4. ஆக்கிரமிப்பு

பண்ணவர் பெரும்பாலும் உங்களுக்கு மாமா முறையாத்தான் இருப்பார். சண்டை போடாதீங்க, நீங்களே வேலியைப் பிடுங்கவும் போகாதீங்க. தாசில்தாருக்கு மனு கொடுத்து சர்வேயரை வச்சு அளந்து கல் ஊன்றச் சொல்லுங்க. நீர்வளத்துறை கண்மாயா இருந்தா 2007-ல வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கு, எல்லையை அளந்து நோட்டீஸ் கொடுத்து எடுக்குறதுக்கு அதுல வழி சொல்லியிருக்கு. கல் ஊன்றினதுமே பாதிப் பேர் தானா ஒதுங்கிருவாங்க, அளக்கறவரைக்கும்தான் வாய்ச்சவடால்.

5. கிராம சபை, பர்மிஷன்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாள் கிராம சபை நடக்கும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்னைக்கு வாய்க்கால் விஷயத்தைத் தீர்மானமா எழுத வைங்க, கோடையில வேலைக்கும் சரியா இருக்கும். "கண்மாயைத் தூர்வார வேண்டும்"னு மொட்டையா எழுதாதீங்க. சர்வே நம்பரோட, எந்த இடத்துல இருந்து எந்த இடம்வரைக்கும்னு எழுதி, தீர்மான நகல் வாங்கி வைங்க. அதை வச்சு உரிய துறைகிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டு இறங்குங்க. வாய்வார்த்தை செல்லாது, அதிகாரி மாறினா அதோட போச்சு.

6. வேலை ஆரம்பம் வாய்க்கால்ல

கண்மாய் வாயில தொடங்கி மேல் நோக்கி வெட்டிட்டுப் போங்க. மேல இருந்து வெட்டி வந்தா, நடுவுல கோடை மழை ஒண்ணு அடிச்சாலும் தண்ணி வந்து பாதியில முட்டி கரையை உடைக்கும்.

மட்டம் பாக்க பெரிய மெஷின் வேணாம், கொத்தனார் வச்சிருக்குற டியூப் மட்டம் போதும். முப்பது அடி நீளத்துக்கு உள்ள தண்ணி தெரியிற பிளாஸ்டிக் டியூப்ல காத்துக் குமிழி இல்லாம தண்ணி நிரப்பி ஆளுக்கு ஒரு முனையைப் பிடிங்க. ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். அங்க இருந்து வாய்க்கால் தரைவரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிங்க. கண்மாய் பக்கத்து அளவு கூட வந்தா வாட்டம் (சரிவு) சரி. முப்பது அடிக்கு அரை இன்ச் இறங்கினாலே தண்ணி ஓடும், ரொம்ப இறக்கினா அரிச்சிரும். அளவை ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே போங்க, எங்க மேடுன்னு அதுவே காட்டிக் கொடுத்திரும்.

வெட்டின மண்ணை எங்க போடுறீங்கங்கிறது ரொம்ப முக்கியம். மேட்டு நிலத்துப் பக்கம் குவிச்சா அங்க இருந்து வழிஞ்சு வர்ற மழைத்தண்ணி வாய்க்காலுக்குள்ள இறங்காம அந்தக் குவியல்லயே முட்டி நிக்கும். அதனால பள்ளத்துப் பக்கம், விளிம்புல இருந்து தள்ளிப் போட்டு மிதிச்சு விடுங்க.

7. கருவேலம்

சீமைக் கருவேலத்தை வெட்டினா மட்டும் பத்தாது, அடியில இருந்து பத்து கிளை தளிர்க்கும், வேரோட பிடுங்கணும். காய்க்கிறதுக்கு முன்னாடியே எடுத்தா இன்னும் நல்லது, ஆடு காயைத் தின்னுட்டுப் போற இடமெல்லாம் புழுக்கையில விதை விழுந்து முளைக்கும். மரம் அரசாங்கச் சொத்து, வித்துச் செலவைப் பாத்துக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, ஏலம் அனுமதி எல்லாம் துறை வழியாத்தான்.

ஆனா தயவுசெஞ்சு நாட்டுக் கருவேலத்தை வெட்டிராதீங்க. வித்தியாசம் சுலபம்: நாட்டுக் கருவேலம் பூ மஞ்சளா உருண்டையா இருக்கும், காய் மணி கோத்த மாதிரி விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்குப் பூ நீளமா வால் மாதிரி தொங்கும், காய் மஞ்சளா ஒரே தடிமனா நீண்டிருக்கும். கண்மாய்க்குள்ள நிக்குற நாட்டுக் கருவேலத்துலதான் நாரை, கொக்கு கூடு கட்டும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைங்களுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடுறதில்லை, அப்படி ஊருங்களும் நம்ம பக்கம் இருக்கு.

8. இப்பதான் தூர்வாரல்

ஒரு ஏக்கர்ல ஒரு அடி தண்ணி நின்னா சுமார் 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். அதனால நடுவுல ஆழமா ஒரு குழியை விட, பரவலா வண்டலை மட்டும் வழிச்சு எடுக்குறதுதான் லாபம். வண்டலுக்குக் கீழ களிமண் தட்டும், அதோட நிறுத்துங்க. அதையும் தாண்டி மணல் தெரியிற வரைக்கும் தோண்டினா பாத்திரத்துல ஓட்டை போட்ட கதைதான். கரைக்கு ஒட்டியும் மடைக்குப் பக்கத்துலயும் பக்கெட்டை வைக்கவே கூடாது.

வண்டல் மண்ணை விவசாயிங்களும் மண்பாண்டம் செய்யறவங்களும் இலவசமா எடுக்கலாம், 2024-ல இருந்து தாசில்தார் அளவிலயே அனுமதி கிடைக்குது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. டிராக்டர் லோடு மூணு கன மீட்டர்னு வச்சா 25, 30 லோடு. விவசாயிங்களே வந்து அள்ளிக்கிட்டா உங்களுக்கு வண்டிச் செலவு மிச்சம்.

யாராவது வெள்ளைச் சட்டைக்காரர் வந்து "காசே வேணாம் தம்பி, ஃப்ரீயா தூர்வாரித் தர்றேன்"னு சொன்னா உஷார். அவருக்கு வண்டல் வேணாம், அடியில இருக்குற சவுடுதான் (பள்ளம் நிரப்ப விக்கிற மண்) வேணும்.

சரியா பண்ணின ஆளுங்களும் இருக்காங்க. 2018 நவம்பர்ல கஜா புயல் தென்னையெல்லாம் சாச்சுட்டுப் போனதுக்கு அப்புறம் பேராவூரணி பசங்க கைஃபான்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு, அவங்க ஊர்ப் பெரியகுளத்துல 2019-ல இறங்கினாங்க, அப்புறம் வேற ஊர் நீர்நிலைகளுக்கும் போனாங்க. மதுரையில தானம் அறக்கட்டளையோட வயலகம் 1992-ல இருந்து பாசன விவசாயிகளைச் சேத்துக்கிட்டு இதே வேலையைப் பண்ணுது. ஆரம்பிக்கிறவங்க இப்படிப்பட்டவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்.

9. கரை, மடை, பனை

கரையில எலி வளை, நண்டு வளை, கரையான் புத்து இருந்தா மழைக்கு முன்னாடி தோண்டி களிமண் போட்டு இடிச்சு அடைங்க, உடைப்பு அங்கதான் ஆரம்பிக்கும். மடை ஷட்டருக்கு கிரீஸ் போட்டு ஏத்தி இறக்கிப் பாருங்க. ரிப்பேர்னா துறைக்குச் சொல்லுங்க, வெல்டிங் கடைக்காரரை நீங்களே கூட்டிட்டுப் போகாதீங்க. ஆல் அரசு மாதிரி பெரிய வேர் மரம் கரைமேல வேணாம். பனை விதை புரட்டாசி ஐப்பசியில பத்தடிக்கு ஒண்ணா ஊனலாம், மடையை விட்டுத் தள்ளி. ஊனிட்டு செல்ஃபி எடுக்க ஆயிரம் பேர் வருவாங்க, ஆடு மேயாம பாத்துக்க நாலு பேரை இப்பவே பேசி வைங்க.

10. காசு, கமிட்டி

உத்திரமேரூர்ல பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலத்துது, ஏரி வாரியத்துக்கு (ஏரியைப் பாத்துக்குற குழு) குடவோலை போட்டு ஆள் எடுத்ததைச் சொல்லுது. ஒரு வருஷம்தான் பதவி, முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமே கிடையாது. உங்க கமிட்டிக்கும் இதையே வச்சுக்கோங்க. ஜிபே ஒரு ஆள் நம்பருக்குப் போகக் கூடாது, ரெண்டு பேர் கையெழுத்துப் போடுற பேங்க் அக்கவுன்ட் வேணும், டீசல் பில்லுல இருந்து டீச்செலவுவரைக்கும் வாரா வாரம் குரூப்ல போட்டிருங்க. பெண்கள் இல்லாம கமிட்டி போடாதீங்க, தண்ணி எப்ப வத்துதுன்னு கரெக்டா சொல்றது அவங்கதான்.

வாய்க்கால் வருஷா வருஷம் ஆவணியில ஒரு தடவை திரும்ப சுத்தம் பண்ணணும், அதுக்கு ஒவ்வொரு தடவையும் சிங்கப்பூர் பசங்களையே நம்பி இருக்க முடியாது. கண்மாயில தண்ணி நின்னா மீன்பாசி ஏலம் (மீன் பிடிக்கிற உரிமைக்கு விடுற ஏலம்) வரும், அந்தப் பணம் யாருக்குப் போகுது, அதுல பராமரிப்புக்கு ஒரு பங்கு ஒதுக்க முடியுமான்னு ஊராட்சியிலயும் துறையிலயும் கேட்டு, தண்ணி வர்றதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிருங்க. மீன் பிடிச்சதுக்கு அப்புறம் கேட்டா யாரும் கொடுக்க மாட்டாங்க.