பள்ளி வளாகத்துச் சவுண்டல் புதரை வெள்ளாடு விட்டு ஒழிப்பது எப்படி?

சுற்றுச்சுவர் ஓரத்தில் சவுண்டல் ஒருமுறை காலூன்றிவிட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். மெக்சிகோ பக்கத்து மரம் இது. தீவனத்துக்கும் விறகுக்கும் ஆகும் என்று இங்கே நட்டார்கள். காய் வெடித்து விதை விழுந்த இடமெல்லாம் புதராகிவிட்டது. களைக்கொல்லி அடித்தால் முடிந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பிள்ளைகள் வெறுங்காலில் ஓடியாடும் மண்ணில் அதைத் தெளிக்க எனக்கு மனம் வராது. ஆட்டை விட்டே அடக்கலாம், கொஞ்சம் பொறுமை இருந்தால்.

1. என்னென்ன செடி இருக்கிறது என்று பாருங்கள்

இந்த வேலையில் பாதி இதுதான். ஆடு எதையும் தின்னும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். உன்னிச்செடியைத் தின்றால் ஈரல் கெடும். வெயில் பட்டு முகத்துத் தோல் வெந்து உரியும். நெய்வேலிக் காட்டாமணக்கு நரம்பைத் தாக்கும். பள்ளிகளில் அழகுக்கு வைக்கும் அரளியோ சில இலைகளிலேயே உயிரை எடுத்துவிடும். பார்த்தீனியமும் ஆட்டுக்கு ஆகாது. அதைப் பூக்கும் முன்பே பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கட்டும்; மாணவர்களை அதில் இறக்க வேண்டாம், தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும்.

சீமைக்கருவேலம் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதன் இலையை ஆடு அவ்வளவாகச் சீண்டாது, காயை விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கும். சவுண்டல் விதையும் இப்படித்தான். ஆகவே முற்றிய காய்களை முதலில் அறுத்து அப்புறப்படுத்துங்கள்.

2. ஆட்டுக்காரரிடம் பேசுங்கள்

தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு இருவரின் சம்மதமும் முதலில் வேண்டும். பிறகு ஊரில் ஆடு வளர்ப்பவரைப் பாருங்கள். செம்மறி குனிந்து புல் மேயும். புதருக்கு வெள்ளாடுதான் சரி, பின்னங்காலில் எழுந்து நின்று தழையை இழுக்கும். தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்த ஆடுகளா என்று கேளுங்கள். கருவேலங்காய் தின்றுவிட்டு வருபவை என்றால் ஒரு வாரம் வேறு தீனியில் கட்டி வைத்துவிட்டு அழைத்து வரச் சொல்லுங்கள். சினையாடு வேண்டாம்.

3. விடுமுறையில் தொடங்குங்கள்

காலாண்டு விடுமுறை எனக்குப் பிடித்த காலம். மழை கண்டு தழை இளசாக இருக்கும்.

4. வெட்டி, அடைத்து, மேய விடுங்கள்

உயர்ந்த தண்டுகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். புதரைச் சுற்றிப் படல் கட்டி ஆடுகளை அதற்குள் அடைக்க வேண்டும். நாங்கள் முதல் முறை படலில் ஓர் இடைவெளியை விட்டுவிட்டோம். மாணவர்கள் நட்டு வளர்த்த பூவரசங்கன்றுகள் ஒரே மதியத்தில் மொட்டையாகிவிட்டன. அன்று அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கன்றுகளுக்கு முதலில் கூண்டு போடுங்கள்.

சவுண்டலில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. அதையே தொடர்ந்து தின்றால் ஆட்டுக்கு முடி கொட்டும். ஒரு நாள் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. காலையில் வைக்கோலோ கடலைக்கொடியோ கொடுத்துவிட்டு, சில மணி நேரம் மட்டும் புதரில் விடுங்கள். குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க நிழலும் அவசியம்.

5. துளிர்க்க விட்டு மறுபடி மேய்க்க வேண்டும்

ஒருமுறை மேய்த்தால் சாகாது. வேரில் சேர்த்து வைத்த உணவைச் செலவழித்துத்தான் கட்டை துளிர்விடுகிறது. துளிர் ஒரு சாண் வளர்ந்ததும் மீண்டும் ஆட்டை விடுங்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் கட்டை இளைத்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையால் கிளறி எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு முறையும் பள்ளி திறக்கும் முன் புழுக்கையைக் கூட்டி எருக்குழியில் போடுங்கள். சத்துணவுக் கூடம், குடிநீர்க் குழாய் பக்கம் ஆடுகள் போகவே கூடாது.

மண்ணில் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். மழை பெய்த மறு வாரம் அந்த இடத்தைச் சுற்றி வாருங்கள். விரல் நீள நாற்றாக இருக்கும்போது கையால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும்.