ராத்திரியில் காதுக்குள் ‘ஙொய்’ என்று கேட்கிறதா?

காது இரைச்சல் உள்ளவர்களுக்குப் பகலைவிட இரவுதான் கொடுமை. வீடு அடங்கியதும் அந்த ‘ஙொய்’ மட்டும் தனியாகக் கேட்கும். அதனால் அறையை முழு நிசப்தமாக வைக்காதீர்கள். மின்விசிறி ஓடட்டும், இல்லையென்றால் மொபைலில் மழைச் சத்தத்தை மெல்லிசாக வையுங்கள். இரைச்சலை மூழ்கடிக்க வேண்டாம், அதைவிட ஒரு படி குறைவாக இருந்தால் போதும். மூளை மெல்ல மெல்ல அதைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகும்.

அப்புறம், மிச்சமிருக்கும் கேள்திறனைக் காப்பாற்ற வேண்டும். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. 3 டெசிபல் கூடினாலே நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம்தான். உட்செவியில் சத்தத்தை உணரும், முடிபோன்ற நுனி கொண்ட செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. விசைத்தறிக் கூடமோ, செண்டை மேளமோ, கல்யாண மண்டப ஸ்பீக்கரோ, ஃபோம் இயர்பிளக்கை மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே பின்பக்கமாக இழுத்து உள்ளே விடுங்கள். விரியும் வரை விரலால் பிடித்திருங்கள். பஞ்சு போதாது.

ஒரு காதில் மட்டும், அல்லது நாடித்துடிப்போடு சேர்ந்து இரைச்சல் கேட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள்; எண்ணெய் விட்டுப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள்.