தேன் வரத்து நின்ற மாதங்களுக்குச் சூரியகாந்தி

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரத் தளிரில் ஊறும் தேன் மார்ச்சோடு ஓய்ந்துவிடும். பிறகு மழை மாதங்களில் தேனீப் பெட்டிக்குச் சீனிப்பாகு வைக்கிறோம். ஆனால் பாகில் மகரந்தம் கிடையாது. மகரந்தம் இல்லாமல் தேனீப் புழு வளராது, கூட்டம் சுருங்கிவிடும். இந்தக் குறையைத் தீர்க்கச் சூரியகாந்தி நல்ல துணை.

காட்டுச் சூரியகாந்தியைப் போலக் கிளைவிட்டுப் பல சிறு பூ பூக்கும் ரகமே வேண்டும். ஒற்றைப் பூ ரகம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். பூங்கொத்துக்கான மகரந்தமற்ற ரகத்தை வாங்கவே வேண்டாம். மருந்து கலந்து சாயமேற்றிய விதையும் ஆகாது, பூ வழியே தேனீயைத் தாக்கும்.

மே நடுவில் தொடங்கி 15 நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை விதையுங்கள். ஆழம் 2–3 செ.மீ., இடைவெளி ஒன்றரை அடி. சுமார் 60 நாளில் பூக்கும். ரப்பர் நிழலில் தண்டு நீண்டு சாயும். வெயில் விழும் வரப்பே சரி. தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகும், மேட்டுப்பாத்தி கட்டாயம்.

காலையில் பூத்தட்டைக் கவனியுங்கள்: வெளிவட்டத்துச் சிறுபூக்கள்தான் முதலில் விரியும், நாளுக்கு நாள் உள்நோக்கி நகரும். தேனீயின் பின்னங்காலில் மஞ்சள் உருண்டை தெரிந்தால் பெட்டிக்குள் மகரந்தம் போகிறது.