அடுப்படிக்கு நாமே செய்யும் பொருள்கள்: எங்கே தவறுகிறோம்?

பழைய சேலை, கொட்டாங்கச்சி, காலி பாட்டில், எண்ணெய் டின், ஒரு கட்டு வைக்கோல். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இவை சும்மா கிடக்கும். இவற்றை வைத்தே சமையலறைக்கு வேண்டிய பல பொருள்களைச் செய்துகொள்ளலாம். செலவு என்று பார்த்தால் நூலும் உப்புத்தாளும்தான். ஆனால் ஆசையாகச் செய்தவற்றில் நிறைய சீக்கிரமே குப்பைக்குப் போய்விடுகின்றன. கைத்திறன் போதாததால் அப்படி ஆவதில்லை. கூடத்து அலமாரியில் வைக்கும் அழகுப் பொருளைச் செய்யும் முறையிலேயே அடுப்படிப் பொருளையும் செய்துவிடுகிறோம். அலமாரியில் படுவது தூசி மட்டும். அடுப்படியில் தீ, வெந்நீர், எண்ணெய், புளிப்பு எல்லாம் படும். எதைச் செய்ய உட்கார்ந்தாலும், இதில் எது அதன்மேல் படப்போகிறது என்று முதலில் யோசித்துவிட வேண்டும்.

சூடு பிடிக்கும் துணி

களி கிண்டும் வீடுகளில் பிடிதுணி இல்லாமல் வேலை ஓடாது. ஒரு கை பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்க, இன்னொரு கை துடுப்பைப் போட்டுக் கிண்ட வேண்டும். அந்த நேரத்தில் துணி வழுக்கினாலோ சூடு ஏறினாலோ கொதிக்கிற களி காலில் விழும். அதனால் இதில் செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

முதல் தவறு துணியைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிறது. பர்கூர் ஜவுளிக் கடைகளிலும் தையல் கடைகளிலும் பிட் துணி மலிவாகக் கிடைக்கும். பளபளப்பும் பூப்போட்ட நிறமும் பார்த்து வாங்கிவிடுவோம். அதில் நிறைய பாலியெஸ்டர் கலந்தது. பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். அடுப்புத் தீயின் வெப்பம் அதைவிடப் பல மடங்கு. பருத்தி கருகும், எரியும், ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. எது பருத்தி என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. துணி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு விரலில் பொடியும் சாம்பலாக ஆனால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான கருப்பு மணியாக நின்றால் அந்தத் துணி அடுப்புப் பக்கமே வரக்கூடாது.

பழைய பருத்திச் சேலையும் வேட்டியும் இதற்கு மிக நல்லவை. பலமுறை துவைத்திருப்பதால் இனிச் சுருங்காது. புதுத் துணியையும் பழையதையும் சேர்த்துத் தைப்பதாக இருந்தால் புதியதை முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாகிவிடும். உள்ளே வைப்பதற்குப் பழைய தேங்காய்ப்பூத் துண்டு போதும். மெத்தென்று இருக்கட்டும் என்று ஸ்பாஞ்சு வைக்கிறார்கள். அது உருகும், புகையும், வேண்டவே வேண்டாம். ஐந்தாறு மடிப்புக்குக் குறையாமல் வைத்து, பருத்தி நூலால் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத் தையல் போடுங்கள். ஓரத்தைச் சுற்றி மட்டும் தைத்தால் உள்ளே இருக்கும் துண்டு ஒரு மூலையில் போய்த் திரண்டுகொள்ளும். பிடிக்கும் இடத்தில் ஒரு மடிப்பும் இருக்காது.

அளவு ஒரு சாணுக்கு ஒரு சாண். அதைவிடப் பெரிதானால் நுனி தொங்கித் தீயைத் தொடும். லேஸ், குஞ்சம், தொங்கும் நாடா எதுவும் கூடாது.

அப்புறம், தைத்ததைவிடப் பயன்படுத்தும் விதத்தில் வரும் தவறு ஒன்று. ஈரத் துணியால் சூட்டைப் பிடிப்பது. மடிப்புகளுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. துணி நனைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர் காற்றைப்போல இருபது மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். மேடை துடைக்க ஒன்று, சூடு பிடிக்க ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிறம் வேறாக இருந்தால் அவசரத்தில் கை மாறாது.

கொட்டாங்கச்சி அகப்பை

கடையில் வாங்கும் அகப்பையைவிட வீட்டில் செய்தது நீடிக்கும், சரியாகச் செய்தால். சரி என்பது தேங்காய் உடைக்கும்போதே தொடங்குகிறது. தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மெல்லியது. முளை வெளியே வருவது அதன் வழியாகத்தான். கண் இருக்கும் மூடியை எடுத்தால் அங்கே ஒழுகும். கண் இல்லாத மூடியைத்தான் எடுக்க வேண்டும். நல்ல முற்றின காயாக, விளிம்பு கோணாமல் உடைந்ததாகப் பார்த்து எடுத்து வையுங்கள்.

வெளியே நாரை மழித்து வழவழப்பாக்கி, உள்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவதைப் பலரும் செய்கிறார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பருப்பும் பழுப்புத் தோலும்தான் பிறகு சிக்கு வாடை அடிக்கும். கத்தி முனையால் முழுவதும் சுரண்டி, முதலில் முரட்டு உப்புத்தாள், அப்புறம் நைசானது என்று தேயுங்கள்.

காம்பு பொருத்துவது இன்னொரு சிக்கல். ஆணி வைத்துச் சுத்தியலால் அடித்தால் ஓடு விரியும். கைத்துளைப்பான் இல்லாவிட்டால் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மெதுவாகச் சுட்டுத் துளை போடலாம். விளிம்புக்குச் சற்றுக் கீழே, எதிரெதிராக இரண்டு துளை. ஒரு துளை வழியாக மூங்கில் நுழைந்து, அதன் நுனி எதிர்த் துளையில் போய் இறுக வேண்டும். ஒரே துளையில் செருகிப் பசை போட்டால் இரண்டு நாள் குழம்பில் ஆடத் தொடங்கிவிடும். வெள்ளைப் பசை வெந்நீரில் இளகும். சூட்டில் இளகும் பசைக்குச்சியைச் சொல்லவே வேண்டாம். அது குழம்பிலேயே கலக்கும். பச்சை மூங்கிலையும் உடனே செருகாதீர்கள். காயும்போது மூங்கில் சுருங்கும், காம்பு கழன்று வரும். நிழலில் நன்றாகக் காய்ந்த மூங்கிலை, துளையைவிட ஒரு நூலளவு தடிமனாகச் சீவி, தட்டி இறுக்கினால் பசையே தேவைப்படாது.

கடைசியில் மினுமினுப்புக்கு வார்னிஷ் அடிக்கும் பழக்கம். வாயில் போகும் சாப்பாட்டைத் தொடும் பொருளுக்கு மரச்சாமான் வார்னிஷ் வேண்டாம். தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டுத் துடைத்தால் அழகான கருமை வரும். இந்த அகப்பையை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப் போடுவதும், நனைந்ததை உச்சி வெயிலில் வைப்பதும் வெடிப்பு விழச் செய்யும்.

டின், ஜாடி, புளி

மாசி, பங்குனியில் புதுப் புளி வந்ததும் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, வருடத்துக்கும் சேர்த்து வைப்பது இந்த இரண்டு மாவட்டங்களிலும் வழக்கம். பழைய எண்ணெய் டின்னையும் பிஸ்கட் டின்னையும் வெட்டி, ஓரம் மடக்கி, நிறம் பூசி, அதில் புளியை அடைத்து வைப்பது மிகப் பெரிய வீண். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமும் நாம் போடும் உப்பும் சேர்ந்து தகரத்தின் பூச்சை அரித்துவிடும். பிறகு துரு. அது உள்ளே நடப்பதால் வெளியே பூசிய நிறம் அப்படியே இருக்கும், நமக்குத் தெரியாது. புளிக்கு மண்பானை, பீங்கான் ஜாடி, கண்ணாடி இவைதான். டின்னை அலங்கரித்து உலர்ந்த பருப்புக்கும் கேழ்வரகுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் வெளிப்பக்கம் மட்டும். வெட்டிய விளிம்பை உள்ளே மடித்துத் தட்டாமல் விட்டால் கை கிழியும்.

மாங்காய் ஊறுகாய்க்குப் பழைய ஜாம் பாட்டிலை எடுக்கிறவர்கள் மூடியை மறந்துவிடுகிறார்கள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, தகர மூடிதான் அரிக்கும். நம் வீடுகளில் ஜாடி வாயில் வெள்ளைத் துணி போட்டு வேடு கட்டுவார்கள். அதையே நிறம் சேர்த்து, ஓரம் தைத்து அழகாகச் செய்யலாமே. மூடி அலங்காரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. போர்வெல் தண்ணீரில் கழுவி வெள்ளைத் திட்டு படிந்த பாட்டிலைப் புளிக்கரைசலால் தேய்த்தால் தெளிந்துவிடும்.

தோட்டம், வயல் உள்ள வீடுகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து வந்த டப்பா எவ்வளவு நல்ல மூடியோடு இருந்தாலும், எத்தனை முறை கழுவினாலும் சமையலறைக்குள் வரக்கூடாது. பெயிண்ட் டப்பாவும் அப்படித்தான்.

டப்பாவுக்குள் செய்தித்தாள் விரிப்பதையும் நிறுத்துங்கள். அச்சு மை எண்ணெய்ப் பண்டத்தில் ஏறும். உணவைச் செய்தித்தாளில் வைக்கவோ சுற்றவோ வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லேயே அறிவுறுத்தியது. வாழைச்சருகோ வெள்ளைத் துணியோ விரிக்கலாம்.

புரிமணை

பாத்திரம் உருளாமல் நிற்க அதன் அடியில் வைக்கும் வைக்கோல் வளையம்தான் புரிமணை. காவேரிப்பட்டணம் பக்கம் நெல் வைக்கோல் கிடைக்கும். காய்ந்த வைக்கோலை அப்படியே முறுக்கினால் ஒடியும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி முறுக்கி, செய்து முடித்ததும் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கட்டுவதற்குப் பிளாஸ்டிக் கயிறு கூடாது. விறகடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தின் அடியில் கங்கு ஒட்டியிருக்கும், துடைத்துவிட்டு வையுங்கள்.

தண்ணீர்ப் பானையும் பாட்டில் வடிகட்டியும்

மண்பானைக்கு வண்ணம் பூசிக் கோலம் போடுவது பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அதில் தண்ணீர் குளிராது. பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பெயிண்ட் துளைகளை அடைத்துவிடுகிறது. கழுத்தைச் சுற்றி மட்டும் செம்மண்ணாலும் சுண்ணாம்பாலும் கோலமிட்டு, வயிற்றுப் பகுதியைச் சும்மா விட்டுவிடுங்கள். இல்லையென்றால் முழுவதும் பூசிய பானையில் வெங்காயம், பூண்டு போட்டு வையுங்கள்.

பெரிய பாட்டிலைக் கவிழ்த்து மணல், கரி, கூழாங்கல் அடுக்கிக் குடிநீர் வடிகட்டி செய்வது பிள்ளைகளுக்குப் பிடித்த கைவேலை. பள்ளிக்குச் செய்யட்டும், கலங்கல் எப்படித் தெளிகிறது என்று பார்க்கட்டும். அந்த நீரை யாரும் குடிக்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் முக்கியமான தொல்லை ஃபுளோரைடு. பல்லில் கறை விழுவதும் எலும்பு பாதிக்கப்படுவதும் அதனால்தான். மணலும் அடுப்புக் கரியும் அதைப் பிடித்து வைக்காது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதற்கு இந்த ஃபுளோரைடும் ஒரு முக்கியக் காரணம். அந்தக் குழாய்நீர் வரும் ஊர்களில் குடிக்க மட்டுமல்ல, களிக்கு உலை வைக்கவும் குழம்புக்கு ஊற்றவும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்வெல் தண்ணீர் பாத்திரம் கழுவ இருக்கட்டும்.