ஜாவாவும் தரவுத்தளமும்: பிள்ளைகள் இடறும் இடங்கள்

திருகோணமலையில் செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகள் கொண்டுவரும் பழைய குறிப்புகளில் இன்னமும் அப்லெட், அதாவது உலாவிக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல், இருக்கிறது. அதற்கு ஒரு நாள்கூடச் செலவழிக்க வேண்டாம். குரோம் உலாவி 2015இலேயே அதை ஓட்டும் ஜாவா பிளகினைக் கைவிட்டது. 2018இல் வந்த ஜாவா 11இல், உலாவியின்றி அதை ஓட்டிப் பார்க்கும் அப்லெட்வியூவரும் இல்லை. அப்லெட் ஓடிய காலத்திலும், அதற்குள் எழுதிய தரவுத்தளக் கடவுச்சொல் அதைத் தரவிறக்கிய எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. சாதாரண ஜாவா நிரலாகவே எழுதுங்கள்.

அதிகம் பேரை வாட்டுவது 'நோ சூட்டபிள் டிரைவர்' (பொருத்தமான டிரைவர் இல்லை) என்ற பிழைதான். நிரல் ஒழுங்காகக் கம்பைல் ஆகும், ஓட்டினால் நின்றுவிடும். தரவுத்தளத்தோடு பேசுவதற்கான ஜேடிபிசி இடைமுகங்கள் ஜாவாவோடேயே வருவதால் கம்பைலருக்கு எந்தக் குறையும் தெரியாது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்துடன் உண்மையில் பேசும் டிரைவர் தனியான ஜார் கோப்பு (ஜாவா கிளாஸ்களின் பொதி); ஓடும் நேரத்தில் அது கிளாஸ்பாத்தில், அதாவது ஜாவா கிளாஸ்களைத் தேடும் பாதைகளில், இருக்க வேண்டும். பாதைகளைப் பிரிக்க விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. வீட்டில் ஓடியது ஆய்வுகூடத்தில் ஓடாமல் போக இந்த ஒரு குறியே போதும். நிரலையே ஜாராக்கி 'மைனஸ் ஜார்' (-jar) கொடுத்து ஓட்டினால், கிளாஸ்பாத்தைச் சொல்லும் 'மைனஸ் சிபி'யில் (-cp) எழுதியதை ஜாவா பார்க்கவே பார்க்காது. ஜார் சரியாக இருந்தும் அதே பிழை வந்தால், இணைப்பு முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

'லோக்கல்ஹோஸ்ட்' என்பது நிரல் ஓடும் அதே கணினி. நிலாவெளி வீட்டு மடிக்கணினியில் தரவுத்தளத்தை விட்டுவிட்டு நிரலை மட்டும் நகரத்துக்குக் கொண்டுவந்தால் அது யாரோடு பேசும்?

தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் எஸ்கியூஎல் கட்டளை வரியில், பயனர் தரும் மதிப்பைக் கூட்டல் குறியால் ஒட்டி எழுதும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பாலையூற்றுப் பறங்கியர் ஒருவரின் பெயரில் 'டி'க்குப் பின் ஒற்றை மேற்கோள் குறி வந்தால், மைஎஸ்கியூஎல் பெயர் அங்கேயே முடிந்ததென்று எடுத்துக்கொள்ளும். மிச்ச எழுத்துகளைக் கட்டளையாகப் படிக்கும். தன் பெயரைச் சரியாக எழுதியவரை நம் நிரல் திருப்பி அனுப்புவது எனக்குப் பொறுக்காது. கெட்ட எண்ணத்தோடு வருபவன் இதே வழியால் அட்டவணையிலுள்ள பதிவுகளையே அழிக்கலாம். பிரிபேர்ட்ஸ்டேட்மென்ட் என்ற ஜேடிபிசி வசதியில் மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாகக் கொடுத்தால் இரண்டும் நடக்காது.

திறந்த இணைப்பை மூடுங்கள். மைஎஸ்கியூஎல் வழக்கமாக ஒரே நேரத்தில் 151 இணைப்புகளையே ஏற்கும். லூப்புக்குள் திறந்துகொண்டே போனால் காலையில் ஓடிய நிரல் மத்தியானம் நின்றுவிடும். ஜாவா 7 தொட்டு, டிரை என்ற சொல்லை அடுத்து வரும் பிறை அடைப்புக்குள்ளேயே இணைப்பைத் திறக்கலாம். பிழை வந்தாலும் தானாக மூடும். பிழையைப் பிடிக்கும் அதன் கேட்ச் பகுதியை மட்டும் வெறுமையாக விடாதீர்கள், மேலே சொன்ன பிழைகள் எல்லாம் அங்கேதான் சத்தமின்றிப் புதைந்துபோகின்றன.