நர்ஸிங் என்ட்ரன்ஸ் இங்கிலீஷ்: காதை நம்பி மார்க்கை விடும் இடங்கள்

வேலூர்ப் பக்கம் ப்ளஸ் டூ படிக்கும் பெண் இருக்கிற வீட்டில் நர்ஸிங் பேச்சு வராமல் இருக்காது. 1909இல் இங்கே நர்ஸிங் பள்ளி வந்தாயிற்று, 1946இல் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பட்டப்படிப்பும் தொடங்கிவிட்டது. குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எங்கே விசாரித்தாலும் சொந்தத்தில் ஒரு அக்காவாவது நர்ஸாக இருப்பார். அதனால் பிள்ளைகள் பயாலஜிக்கும் கெமிஸ்ட்ரிக்கும் நோட்டு நோட்டாக எழுதித் தள்ளுகிறார்கள். இங்கிலீஷ் என்றால் மட்டும் "அது பார்த்துக்கலாம் சார், படிச்சுப் பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்கிறார்கள்.

சறுக்குவது அங்கேதான். நான்கு விடையையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதை டிக் செய்கிறார்கள். அந்தக் காது பழகியது ஸ்கூலிலும் மெடிக்கல் ஷாப்பிலும் நாம் பேசுகிற இங்கிலீஷில். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவரிடம் பேச அது தாராளமாகப் போதும். ஆனால் கேள்வித்தாள் தயாரிப்பவர் அதே வாக்கியங்களைத்தான் தவறான விடைகளாக வைக்கிறார். காதுக்குப் பழகியதாகத் தெரிவதே பொறியாகிவிடுகிறது.

முதலில் காய்ச்சல் வாக்கியம். 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்.' ஓபி வரிசையில் நிற்கிற பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். இதில் இரண்டு தவறுகள். ஒன்று, 'சின்ஸ்'. 'இரண்டு நாளாக' என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார்' வரும். 'திங்கட்கிழமையிலிருந்து' என்று தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்' வரும். தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்புவதில்லை. எனவே வாக்கியத்தை மனதில் தமிழில் சொல்லிப் பார்த்து, '-ஆக' வந்தால் 'ஃபார்', '-இலிருந்து' வந்தால் 'சின்ஸ்' என்று பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவது தவறுக்குத் தமிழ் உதவாது. நாம் 'காய்ச்சல் இருக்கிறது' என்று நிகழ்காலத்தில் நிறுத்துகிறோம். இங்கிலீஷில், முன்பு தொடங்கி இன்னும் தொடர்வதற்கு 'ஹேவ் ஹேட்' வேண்டும். 'ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் டூ டேஸ்' என்பதுதான் சரி. காதுக்கு இது கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

அடுத்தது 'லை', 'லே'. நர்ஸிங் தேர்வு எழுதுபவர்கள் இதை நன்றாக ஊன்றிப் படிக்கவேண்டும், ஏனென்றால் படுக்கையும் நோயாளியும் இல்லாத வார்டு கிடையாது. படுப்பது 'லை'. அதன் இறந்தகாலம் 'லே', மூன்றாம் வடிவம் 'லெய்ன்'. படுக்கவைப்பது 'லே', பிறகு 'லெய்ட்', 'லெய்ட்'. ஒன்றின் இறந்தகாலமும் மற்றொன்றின் நிகழ்காலமும் ஒரே எழுத்தில் வந்து நிற்பதால்தான் இவ்வளவு குழப்பம். பள்ளியில் தமிழ் ஆசிரியர் நடத்திய தன்வினை, பிறவினை நினைவிருக்கிறதா? உருண்டான், உருட்டினான். அதே கணக்குதான். 'எதை, யாரை' என்று கேட்டால் பதில் வருகிறதா என்று பாருங்கள். குழந்தையைப் படுக்கவைத்தார் என்றால் யாரை என்பதற்குப் பதில் உண்டு, 'த நர்ஸ் லெய்ட் த பேபி ஆன் த பெட்'. நேற்று முழுக்கப் படுத்திருந்தார் என்றால் பதில் இல்லை, 'த பேஷன்ட் லே இன் பெட் ஆல் டே எஸ்டர்டே'. 'ரைஸ்', 'ரெய்ஸ்' இரண்டும் இதே வழிதான். டெம்பரேச்சர் தானாக ஏறினால் 'ரோஸ்', கட்டிலின் தலைப்பக்கத்தை நர்ஸ் உயர்த்தினால் 'ரெய்ஸ்ட்'. இங்கிலீஷ் கிராமர் புத்தகத்தில் பக்கம் பக்கமாக விளக்கியிருப்பதைவிட இந்த இரண்டு தமிழ்ச் சொற்கள் நன்றாகவே வேலை செய்கின்றன.

எழுவாயும் வினையும் பொருந்துகிறதா என்ற கேள்வி பெரும்பாலும் நீளமான வாக்கியத்தில்தான் வரும். 'ஒன் ஆஃப் த பேஷன்ட்ஸ்' என்று தொடங்கி, நடுவில் எதையெதையோ சொல்லி, கடைசியில் 'ஹேஸ்' ஆ 'ஹேவ்' ஆ என்று நிறுத்துவார்கள். பக்கத்தில் இருக்கிற பன்மைச் சொல்லைப் பார்த்துக் காது 'ஹேவ்' என்று கையைக் காட்டும். ஆனால் எழுவாய் 'ஒன்', ஆகவே 'ஹேஸ்'. 'த டாக்டர், அலாங் வித் டூ நர்ஸஸ்' என்று வந்தாலும் கணக்கில் டாக்டர் ஒருவர்தான். பென்சிலால் நடுப்பகுதியை லேசாக அடித்துவிட்டுப் படித்தால் விடை தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் தேர்வு என்றால் மனதில் அடிக்க வேண்டியதுதான். 'எ நம்பர் ஆஃப் பேஷன்ட்ஸ்' பன்மை, 'த நம்பர் ஆஃப் பேஷன்ட்ஸ்' ஒருமை. இதை மட்டும் மனப்பாடமே செய்துவிடலாம்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், 'பற்றி' அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' இல்லை, 'எக்ஸ்ப்ளெய்ன் டு மீ'. 'டிட் நாட் வென்ட்' இல்லை. 'டிட்' இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, மிச்சம் 'கோ' மட்டும். 'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'பட்' போடக்கூடாது. தமிழிலும் 'வந்தாலும்' என்றபிறகு 'ஆனால்' போடமாட்டோம் அல்லவா. 'இஃப்' வந்த பகுதியில் 'வில்' வேண்டாம். 'மழை வந்தால்' என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் மூன்றுக்கும் கடைசியில் 'எஸ்' சேர்க்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி போர்டுகளில்கூட 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதியிருக்கும், அதை நம்ப வேண்டாம்.

இவ்வளவு சொன்னேனே, காதை நம்ப வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது 'எ', 'அன்'. அங்கே பிள்ளைகள் எழுத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒலியை. எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் எழுத்தில் மெய்யில் தொடங்கினாலும் வாயில் 'எ' என்ற உயிரொலியில் தொடங்குகின்றன, அதனால் 'அன் எக்ஸ்ரே', 'அன் எம்ஆர்ஐ'. யூரின் டெஸ்டும் யூனிஃபார்மும் எழுத்தில் உயிரில் தொடங்கினாலும் ஒலியில் 'யூ', அதனால் 'எ யூரின் டெஸ்ட்'. 'ஹவர்' என்பதில் முதலெழுத்தை உச்சரிப்பதே இல்லை, எனவே 'அன்'.

எந்தப் பயிற்சித்தாளை எடுப்பது என்பது இன்னொரு தலைவலி. போனில் தேடினால் இலவசமாகக் கிடைப்பவற்றில் பல டீஸ், ஹெசி என்ற அமெரிக்கத் தேர்வுகளுக்கானவை. அங்குள்ள நர்ஸிங் பள்ளிகளில் சேர்வதற்கு எழுதுவது அவை. டீஸில் இங்கிலீஷ் பகுதிக்கு 37 கேள்விகள், 37 நிமிடம். வேகம் பழக அருமையான அளவு, அதற்காகத் தாராளமாகப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஸ்பெல்லிங் கேள்விகளைத் தாண்டிவிடுங்கள். அனீமியா, டயரியா, ஹெமரேஜ் எல்லாவற்றிலும் அமெரிக்கர்கள் ஒரு எழுத்தைக் குறைத்துவிடுவார்கள். நம் பாடப்புத்தகம் பிரிட்டிஷ் முறை. இரண்டையும் கலந்து படித்தால் தேர்வு அறையில் இரண்டுமே சந்தேகமாக இருக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போக அக்கா படித்த ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் புத்தகங்களை வாங்கி வந்து படிப்பவர்களும் உண்டு. அவை நர்ஸாகி முடித்து வெளிநாடு போகும்போது பார்க்க வேண்டியவை, இப்போது அலமாரியிலேயே இருக்கட்டும்.

அதற்கும் முன்னால் பிராஸ்பெக்டஸைத் திறந்து, எழுதப்போகும் தேர்வில் இங்கிலீஷ் உண்டா என்று பாருங்கள். எய்ம்ஸ் பி.எஸ்சி. ஹானர்ஸ் நர்ஸிங் தேர்வு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, பொது அறிவு என்றுதான் இருந்துவந்திருக்கிறது. ராணுவ நர்ஸிங் கல்லூரிகளோ நீட் மதிப்பெண்ணோடு பொது இங்கிலீஷையும் சோதிக்கின்றன. இதைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே கைடை வைத்துப் படிப்பது நேரத்துக்குக் கேடு.

அப்புறம், மாக் டெஸ்ட் முடித்ததும் 'நாற்பதுக்கு இருபத்தெட்டு' என்று எழுதி மூடிவிடாதீர்கள். தப்பான பன்னிரண்டில் ஒவ்வொன்றின் பக்கத்திலும், சரியான விடையை மட்டும் எழுதாமல், நீங்கள் போட்ட விடை ஏன் சரியாகத் தோன்றியது என்று தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். 'பக்கத்துச் சொல்லைப் பார்த்தேன்', 'பற்றி என்று நினைத்து அபவுட் போட்டேன்', 'படுத்தாரா படுக்கவைத்தாரா பார்க்கவில்லை' என்பதுபோல. நாலைந்து தாள் போனதும் ஒரே வரி திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும். மறுநாள் காலையில் அந்த ஒரு தலைப்பை மட்டும் எடுத்துப் பயிற்சி செய்யுங்கள்.